நிற்பதற்கு நாலு டயர்

"வண்டியே ஓட்டத் தெரியாத மனுஷன் எதுக்கு டீச்சர் ஒன்றரை டன் பிக்கப் வாங்கணும்?"

நான்தான் கேட்டேன். டீச்சர், வழக்கோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் மடியில் இருந்த பையின் காதைத் திருகித் திருகி நூல் பிரித்திருந்தன.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. இருபது வருஷம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, "பசங்க பொய்யை விடப் பெரியவங்க பொய்லதான் கணக்கு ஜாஸ்தி" என்று சொல்லி இந்த மாடியறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் அவருக்கு டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருகிறவன். என் பட்டப்பெயர் ஓட்டவாய். ஏன் என்று போகப் போகத் தெரியும். தெரிந்த பிறகு திட்டாதீர்கள். நானே என்னைப் போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார் டீச்சர்.

"என் வீட்டுக்காரர் தண்ணி போர்டுல பம்ப் ஆபரேட்டர். எங்களுக்கு ஒரே பையன். பார்சல் கம்பெனி வேன் ஓட்டிக்கிட்டிருந்தான். ஆறு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம் நாப்பது கைக்கடிகாரப் பெட்டி ஏத்திக்கிட்டுக் கிளம்பினான். அவனும் வரல, வேனும் வரல. கடிகாரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான்னு கம்பெனி எழுதிக் கொடுத்துச்சு. ஸ்டேஷன்லயும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. அன்னைலேருந்து நான் திருடனோட அம்மா."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"மறந்துடு, மறந்துடுன்னே சொல்லிக்கிட்டிருந்தார். அஞ்சு வாரமா ஆளே மாறிட்டார். ஓய்வுக்குன்னு வெச்சிருந்ததை எடுத்துப் புது பிக்கப் வாங்கினார். வீட்டுக்கும் கொண்டு வரல, டயர்க்கடையில நிக்குது. என்னங்க இதுன்னு கேட்டா, 'கொஞ்சம் பொறு'ங்கறார். மறந்துடுன்னு சொன்ன வாய் கொஞ்சம் பொறுன்னு சொல்லுதே டீச்சர், அதுக்கு என்ன அர்த்தம்?"

"வேற ஏதாவது வித்தியாசம்?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "குழாய்த் தண்ணி குடிக்க மாட்டேங்கறார். என்னையும் குடிக்க விடறதில்ல. தினமும் எங்கேருந்தோ கேன்ல புடிச்சுக்கிட்டு வர்றார்."

"ஊருக்கே தண்ணி விடறவரு வீட்ல கேன் தண்ணியா? ஓட்டல்காரன் பட்டினி கிடந்த கதையால்ல இருக்கு!" என்றேன் நான். டீச்சர் என்னை முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன். அந்த வேலையை நான் அன்று இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்.

"என் மனசு ஒண்ணு சொல்லுது" என்றார் அந்த அம்மா. "என் புள்ள எங்கயோ உயிரோட இருக்கான். அப்பாகூடப் பேசிட்டான். அவனுக்காகத்தான் இவர் வண்டி தயார் பண்றார். ஆமாவா, இல்லையா? அது ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

*

டயர்க்கடை ஊரின் கடைசியில், நெடுஞ்சாலை ஓரமாக இருந்தது. வாசலில் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. உள்ளே காற்றடிக்கும் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், ஜாக்கி மேல் நின்றது அந்த வெள்ளை பிக்கப். சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

கடைக்கார அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். கை இரண்டும் உலக்கை. எங்களைப் பார்த்ததும், "என்ன வேணும்?" என்றார்.

"டயர் பத்தித் தெரிஞ்சுக்கணும்" என்றார் டீச்சர்.

"உருண்டையா இருக்கும். கறுப்பா இருக்கும்."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. டீச்சர் சிரிக்கவில்லை. பம்ப் ஆபரேட்டர் மனைவி அனுப்பினார் என்று சொன்னதும் அண்ணனின் முகம் சுருங்கியது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூணு மணிக்குள்ள வண்டியை முடிச்சுக் கொடுக்கணும். வேலை கெடக்கு" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

"வேலையைப் பாருங்க. நாங்க ஓரமா நின்னு வண்டியைப் பார்த்துட்டுப் போறோம்."

பார்த்தோம். நான் பத்து வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன். வண்டி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு. பிக்கப்பின் பின்தொட்டியில் புதுப் பலகையில் ஒரு கட்டில் மாதிரி அடித்து, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தைக்கு மேல் மடித்து வைத்த வெள்ளை விரிப்பு. டீச்சர் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார்.

"ஆறடி நாலங்குலம். பையன் உயரம் என்னன்னு அம்மா சொன்னாங்க?"

"ஆறடி ரெண்டங்குலம்" என்றேன்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். பாரம் ஏற்றுகிற வண்டியில் பட்டையைச் சேர்ப்பார்கள், எவனும் கழற்ற மாட்டான். கழற்றினால் ஒன்றரை டன் வண்டி அரை டன்கூடத் தாங்காது. ஆனால் சவாரி மெத்தென்று இருக்கும். தூங்குகிறவனுக்குத் தூக்கம் கலையாது. சக்கரத்தில் மாட்டியிருந்தது கட்டை கட்டையாக நிற்கிற பட்டன் டயர், சேற்றுக்கும் காட்டுக்கும் போடுவது. முன் பம்பரில் ஒரு வின்ச், மோட்டாரில் சுற்றி இழுக்கிற உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு.

"டீச்சர், இதுக்குக் கணக்கே போட வேண்டாம்" என்று கிசுகிசுத்தேன். "பையன் காட்டுப் பக்கம் ஒளிஞ்சிருக்கான். வண்டியிலயே படுத்துக்குவான். சேறு சகதியில மாட்டினா வின்ச் போட்டு இழுத்துக்குவான். அப்பன் புள்ளைக்கு ஓடற வீடு கட்டிக் கொடுக்கறார்!"

"அவசரப்படாதே."

"இதுக்கு மேல என்ன டீச்சர் வேணும்?"

"சும்மா இரு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தானே கெட்டது. நான் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்போது மணி பன்னிரண்டரை.

"அம்மா, உங்க மனசு சொன்னது சரிதான். உங்க புள்ள உயிரோட இருக்கார். வண்டி அவருக்குத்தான்."

அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல். "இளைச்சிருப்பானா தம்பி?"

"அந்த ஆறடி ரெண்டங்குலம் அப்படியேதான் இருக்கும்மா" என்று சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

*

நான் மூன்று டீயோடு திரும்பியபோது டீச்சர் கவிழ்த்துப்போட்ட டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மூன்றாவது சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்கு வண்டி தெரியாது, கணக்குதான் தெரியும்" என்றார் டீச்சர். "இந்த டயர் தார் ரோட்ல எப்படி?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்தத் தொழிலாளியும் எவ்வளவு நேரம்தான் வாயைக் கட்டிக்கொள்வான்? "நாசமாப் போகும்" என்றார் அண்ணன். "ஊஊன்னு ஊளையிடும். டீசல் குடிக்கும். ஒரு வருஷத்துல தேஞ்சு மழுங்கிடும். சாதா வரி டயர் போடுங்கன்னேன். அவர் கேக்கல."

"என்ன சொன்னார்?"

"மொத்தமே எட்டு கிலோமீட்டர்தான் ஓடணும், போக நாலு, வர நாலுன்னார்." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

எட்டு கிலோமீட்டர். ஊரை விட்டு ஓடுகிறவன் எட்டு கிலோமீட்டரா ஓடுவான்?

டீச்சர் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். "டயர்ல காத்து பதினெட்டுதான் வைக்கச் சொல்லியிருக்கார். அதோ, கண்ணாடியில சாக்பீஸ்ல எழுதியிருக்கு. காத்து கம்மியா இருந்தா டயர் தரையில அகலமா உக்காரும். நாலு மூலைக்கும் நாலு முட்டுக்கட்டை செஞ்சிருக்கீங்க. பின்னாடி கொக்கியில கட்ட இரும்புச் சங்கிலி வெச்சிருக்கீங்க. வண்டியை மரத்தோட கட்டத்தானே?"

அண்ணன் சங்கிலியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இது ஓடறதுக்கு வாங்கின டயர் இல்ல அண்ணே. நிக்கறதுக்கு வாங்கின டயர். இந்த வண்டி ஒரு இடத்துல அசையாம நிக்கணும். எதிர்ல எவ்வளவு கனமானது இருந்தாலும் அதுதான் வண்டிகிட்ட வரணும், வண்டி அதுகிட்டப் போயிடக் கூடாது." டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "இங்கேருந்து நாலு கிலோமீட்டர்ல என்ன இருக்கு?"

"கல்குவாரி" என்றேன் நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கைவிட்ட குவாரி. மழை இல்லாததால மூணு மாசமா ஊருக்குத் தண்ணி அங்கேருந்துதான்..."

அந்த மனுஷன் ஏன் குழாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் டீச்சர். "உங்க கடையில எல்லா டயரும் வெறுந்தரையில கிடக்கு. மூலையில அந்த ஒரு பழைய ஸ்டெப்னி மட்டும் கோணிப்பை விரிச்சு மேல உக்காந்திருக்கே. அது யாருது?"

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நான் வித்த டயர்" என்றார். "என் கடை டயர் ஒவ்வொண்ணுலயும் சூட்டுக் கம்பியால நம்பர் போடுவேன். எவனும் மாத்திடக் கூடாதுன்னு. நானூத்திப் பதினேழு. தண்ணி வத்த வத்த, பம்ப்போட உறிஞ்சுகுழாய்ல வந்து இது முட்டிக்கிட்டு நின்னிருக்கு. அவர்தான் கைவிட்டு எடுத்தார். நம்பரைப் பார்த்துட்டு நேரா இங்க உருட்டிக்கிட்டே வந்தார். நாலு கிலோமீட்டரும் உருட்டிக்கிட்டே. நான் பார்த்ததுமே அந்தப் பையன் டயர்னு தெரிஞ்சுடுச்சு."

"ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே?"

"சொன்னேன். 'திருடன்னு எழுதின கையால என் புள்ளைய தூக்க விட மாட்டேன். நான் தூக்கறேன். வேன் பூட்டு உடையாம இருக்கறத நான் முதல்ல பார்க்கணும். அப்புறம் அவன் அம்மாகிட்ட நானே சொல்றேன்'னார். குவாரிக்குத் தினமும் போறவர். தண்ணிக்கு நடுவுல வேன் கூரை தெரிய ஆரம்பிச்சதுலேருந்து யாரும் பக்கத்துல வராம பார்த்துக்கிட்டார். இன்னைக்கு மூணு மணிக்கு இழுக்கறதா இருக்கோம். வண்டியை நான் ஓட்டறேன்."

அண்ணன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கிரீஸ் ஆயிற்று. "அன்னைக்கு சாயங்காலம் அவன் இங்கதான் வந்தான். முன் டயர் ரெண்டும் மொட்டை. மாத்திக் குடுங்கண்ணேன்னான். கடை மூடற நேரம். காலைல வாடா, ஒரு ராத்திரியில ஒண்ணும் ஆயிடாதுன்னு அனுப்பிட்டேன். ஸ்டெப்னிக்கு மட்டும் அவனே காத்து புடிச்சுக்கிட்டுப் போனான். அப்புறம் மழை புடிச்சுக்கிச்சு. குவாரி வளைவுல தடுப்புச் சுவரும் கிடையாது."

"ஆறு வருஷமா யாரும் அங்க பார்க்கலியா?" என்றேன்.

"ஓடிப்போனவனைக் குட்டையில யாருய்யா தேடுவான்?"

டீச்சர் ஸ்டெப்னி பக்கத்தில் போய்க் குந்தினார். சேறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் கெட்டியா இருக்கே."

"அறுபது புடிச்சான். இப்ப இருபத்தி ரெண்டு நிக்குது. கழட்டிப் பார்க்கலாம்னு வால்வுல கைய வெச்சேன். அவர் என் கையப் புடிச்சுக்கிட்டார். 'வேண்டாம்ப்பா. உள்ள இருக்கறது அவன் அடிச்ச காத்து'ன்னார்."

காற்றடிக்கும் மெஷின் அதுவாகவே நின்றுபோயிற்று. மூன்று டீயும் ஆறிப்போயின. யாரும் தொடவில்லை.

"டீச்சர்" என்றேன். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். இருபது வருஷம் வகுப்பெடுத்தவர் அல்லவா? அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "எப்ப சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

"பன்னிரண்டரைக்கு."

மணி இரண்டு. வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

*

அந்த அம்மா தலை வாரி, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார். காலையில் வந்தவருக்கு இப்போது தங்கை மாதிரி இருந்தார். கையில் இஸ்திரி போட்ட ஒரு நீலச் சட்டை.

"தம்பி, அவன் எங்க? நானும் வண்டியில வர்றேன். அவர்கிட்ட நான் சண்டை போடலேன்னு சொல்லுங்க. ஒளிச்சது ஒளிச்சுட்டார், போகட்டும்."

நான் டயர் அடுக்குக்குள் புதைந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன். டீச்சர் அவரை டிரம் மேல் உட்கார வைத்தார். தானும் தரையில் உட்கார்ந்தார். எதையும் சுற்றி வளைக்காமல், குவாரி, வேன், ஸ்டெப்னி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தினார். நடுவில் அந்த அம்மா ஒரு தடவை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து, மூலைக்குப் போய், அந்த டயரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். சேறு ஒட்டியது. வெகுநேரம் எடுக்கவில்லை.

அண்ணன் நாலாவது சக்கரத்தை அப்படியே அழுதுகொண்டே முடுக்கினார்.

*

குவாரிக் கரையில் பையனின் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான, குள்ளமான மனிதர். பிக்கப்புக்குப் பின்னால் எங்கள் கார் வருவதையும், அதிலிருந்து தன் மனைவி இறங்குவதையும் பார்த்ததும் அவர் தோள் சரிந்தது.

"உன்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

"தெரியும்" என்றார் அந்த அம்மா. "முதல்ல அவனை மேல கொண்டு வாங்க."

டீச்சர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "இப்ப வரட்டும். எழுதினவங்களே வந்து அழிக்கட்டும்" என்றார். அப்பா அதற்குத் தலையசைத்தார்.

அண்ணன் பிக்கப்பைச் சரிவின் தலையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை கொடுத்து, பின்கொக்கியை ஒரு பெரிய மரத்தோடு சங்கிலியால் கட்டினார். அப்பா இடுப்பளவு சேற்றில் இறங்கி, தானே போய்க் கயிற்றை வேனில் மாட்டினார். வின்ச் முனக ஆரம்பித்தது. கயிறு விறைத்தது. நான் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன்கள் சரளையைக் கவ்விக்கொண்டன. வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. எதிரே சேறு வாய் பிளந்து, வேன் அடி அடியாக மேலே வந்தது.

முன்கதவை அப்பாதான் திறந்தார். உள்ளே என்ன இருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. ஓட்டவாய்க்கும் ஒரு பூட்டு உண்டு.

பின்கதவில் கம்பெனிப் பூட்டு துருப்பிடித்து, உடையாமல் தொங்கியது. ஸ்டேஷன்காரர்கள் வந்த பிறகு, அவர்கள் கண் முன்னாலேயே அதை உடைத்தார்கள். டீச்சர் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு, வகுப்பில் எண்ணுகிற மாதிரி உரக்க எண்ணினார். "நாப்பது. நாப்பதும் இருக்கு." அதிகாரி தொப்பியைக் கழற்றினார். அப்பா அப்போதுதான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

ஆஸ்பத்திரி வண்டி வர நேரமாகும் என்றார்கள். "எங்க வண்டி இருக்கு" என்றார் அப்பா.

மெத்தையில் கிடத்தி, வெள்ளை விரிப்பு போர்த்தி, அதன் மேல் அந்த நீலச் சட்டையை விரித்தார்கள். அந்த அம்மா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடையிலிருந்து அண்ணன் ஏற்றி வந்திருந்த ஸ்டெப்னி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் போய்த் தொட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. உயிரோட இருக்கார்னு பொய் சொல்லிட்டேன்."

"ஒன்றரை மணி நேரம் தம்பி" என்றார் அவர். "ஆறு வருஷமா அவன் எனக்கு உயிரோடவும் இல்ல, செத்துப்போகவும் இல்ல. இன்னைக்கு ஒன்றரை மணி நேரம் என் புள்ள உயிரோட இருந்தான். நான் அவனுக்குச் சட்டை தேய்ச்சேன். இஸ்திரி போடும்போது பாட்டுக்கூடப் பாடினேன். அதை நீ திருப்பிக் கேக்காதே."

அப்புறம் முன்பக்கம் திரும்பி, "மெதுவா போப்பா" என்றார்.

நாங்கள் பின்னாலேயே போனோம். நாலு கிலோமீட்டரும் அந்த டயர்கள் தார் ரோட்டில் ஊளையிட்டுக்கொண்டே போயின. வண்டி மட்டும் குலுங்கவே இல்லை.